மண்மாரி பெய்த ஊர்

திருச்சிராப்பள்ளி மலைமேல் ஏறித் தாயுமானவரைத் தரிசித்தவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்திருக்கலாம். ஸ்வாமி மேற்கு நோக்கியிருக்கிறார். கொடிமரமோ அவருக்குப் பின்புறத்தில் நிற்கிறது. காரணம் கேட்டால், ஸ்தல புராணம் அறிந்த பெரியவர் யாரும் கையை நீட்டி மேற்கே உறையூரைக் காட்டுவார்.

சாரமா முனிவர் என்னும் ரிஷி ஸ்வாமிக்கென்று செவ்வந்தித் தோட்டம் போட்டிருந்தாராம். பூ வியாபாரி ஒருவன் அதிலிருந்து திருடி, உறையூர்ச் சோழ ராஜாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ராணிக்குப் பூ பிடித்துவிட்டது. தினந்தோறும் கொண்டுவா என்று உத்தரவு பிறந்தது. முனிவர் திருட்டைக் கண்டுபிடித்து நேரே அரண்மனைக்குப் போய் முறையிட்டார். ராஜா செவிசாய்க்கவில்லை. திருட்டுச் சொத்தை அனுபவிப்பவனே நீதிபதியாகவும் உட்கார்ந்திருந்தால் வழக்கு வேறு எப்படி முடியும்? முனிவர் மலைக்குத் திரும்பி, மேல் கோர்ட்டில் அப்பீல் செய்துகொண்டார். அதுவரை கிழக்கு நோக்கியிருந்த ஸ்வாமி உறையூர்ப் பக்கம் திரும்பினார். மண்மாரி பெய்து நகரம் மூடிப்போயிற்று.

கிறிஸ்தவ வேதம் படித்த நேயர்களுக்கு இங்கே இன்னொரு தோட்டம் ஞாபகம் வரும். இஸ்ரவேல் ராஜா ஆகாபுக்கு, அரண்மனையை ஒட்டியிருந்த நாபோத்தின் திராட்சத் தோட்டத்தைக் கீரைக்கொல்லை ஆக்கிக்கொள்ள ஆசை. பிதிரார்ஜித பூமியைக் கொடுக்க நாபோத் இசையவில்லை. ராஜா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான்! ராணி யேசபேல் ராஜ முத்திரையிட்ட கடிதங்களை அனுப்பி, பொய்ச் சாக்ஷிகள் இருவரை ஏற்படுத்தி, நாபோத்தைக் கல்லெறிந்து கொல்வித்தாள். தோட்டத்தைச் சுவாதீனம் செய்துகொள்ளப் போன இடத்தில் எலியா தீர்க்கதரிசி எதிரே வந்து நின்று, அவன் வம்சமே அழியும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆகாப் நடுங்கிப்போய், முரட்டுத் துணி உடுத்து உபவாசமிருந்தான். தண்டனை அவன் மகன் காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஒரு கூடைப் பூ, ஒரு கீரைக்கொல்லை. ராஜாக்கள் யுத்தங்களில் செய்த பெரும் பாவங்களை விட்டு, இந்த அற்ப ஆசைகளைக் கதைகள் ஏன் பற்றிக்கொண்டன? ஏழை ஜனங்களுக்கு ராஜ்யம் தெரியாது, தோட்டம் தெரியும் என்பதே என் எண்ணம்.

ஆனாலும் உறையூர்க் கதையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பூச்சூடியது ராணி, புதைந்ததோ குடிகளின் வீடு. உறையூர் பழங்காலத்திலேயே மெல்லிய துணிக்குப் பேர்போன ஊர். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டிப் பார்த்தபோது, ரோமாபுரி மட்பாண்டத் துண்டுகளோடு சாயத் தொட்டி ஒன்றும் அகப்பட்டது. கதைப்படியே வைத்துக்கொண்டாலும், சாயத் தொட்டிக்காரன் யார் தோட்டத்தில் பூப் பறித்தான்?

காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், வேறு மாதிரிக் கதை சொல்வார்கள். சோழ ராஜா ஒருவன் (எந்தச் சோழன் என்பதில் சரித்திரக்காரர்கள் ஒத்துப்போவதில்லை) ராமாநுஜரைப் பிடித்துவர ஆளனுப்பினான். ஆசாரியரின் காஷாயத்தைத் தாம் உடுத்துக்கொண்டு சிஷ்யர் கூரத்தாழ்வான் போனார். ராஜா நீட்டிய ஓலையில் கையெழுத்திட மறுத்துக் கண்களை இழந்தார். ராஜா கழுத்தில் புண் கண்டு, புழு வைத்து மாண்டான் என்கிறது குருபரம்பரை. கிருமிகண்ட சோழன் என்ற பெயரே அதனால் வந்ததுதான். ஆழ்வானோ பின்னொரு நாள் காஞ்சி வரதரிடம் வரம் கேட்க நேர்ந்தபோது, தம்மை அந்த நிலைக்கு ஆளாக்கிய நாலூரானுக்கும் தமக்குக் கிடைக்கும் நற்கதியே கிடைக்கவேண்டும் என்று கேட்டாராம்.

உறையூர் ஜனங்களும் தங்கள் புராணத்தை மண்மாரியோடு விட்டுவிடவில்லை. வீடிழந்தவர்கள் வெக்காளியம்மனிடம் ஓடி முறையிட, எல்லோருக்கும் வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள் என்கிறார்கள். இன்றும் அம்மன் சந்நிதிக்கு மேலே விதானம் கிடையாது. வெயிலிலும் மழையிலும் வடக்கு நோக்கி வீற்றிருக்கிறாள். தங்கள் குறைகளைக் காகிதத்தில் எழுதி, எதிரேயுள்ள சூலத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள் ஜனங்கள்.