டே கேர் பையில் ஒரு மருந்து பாட்டில்

டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், மாற்று உடை. அவற்றோடு ஒரு சிரப். "மத்தியானம் சாப்பிட்டதும் அஞ்சு மில்லி குடுத்துடுங்க ஆன்ட்டி" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு அம்மா ஆபீஸுக்கு ஓடுகிறார். ஆன்ட்டியும் தலையாட்டுகிறார். மதியம் அவருக்குப் பதில் வேறொருவர் வந்தால், அந்த 'அஞ்சு மில்லி' அவர் காதுக்கு எப்படிப் போகும்?

காய்ச்சல் குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது. லீவு கிடைத்தால் எந்த அம்மா அனுப்பப் போகிறார்? எனவே, அனுப்பும்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

'பாராசிட்டமால்தானே' என்று சாதாரணமாக நினைக்கிறோம். ஆனால், குழந்தைகளுக்கான பாராசிட்டமால் ஒரே வீரியத்தில் வருவதில்லை. 5 மில்லி சிரப்பில் 120 மில்லிகிராம் மருந்து இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற வழக்கமான கணக்குப்படி, 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 போதும். அதே 'அஞ்சு மில்லி'யை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து ஊற்றினால் 500!

அடுத்தது நேரம். காலை 8 மணிக்கு வீட்டில் கொடுத்தது டே கேருக்குத் தெரியாது. 10 மணிக்கு 'உடம்பு சுடுதே' என்று அங்கே ஒரு வேளை. அது தெரியாமல் மதியம் அழைத்துவரும் பாட்டி இன்னொரு வேளை. இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரமாவது வேண்டும். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். கொடுமை என்னவென்றால், முதல் நாள் குழந்தை வழக்கம்போல விளையாடிக்கொண்டும் இருக்கலாம்.

ஆகவே, வாய்வார்த்தை வேண்டாம். குழந்தையின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, கடைசியாக வீட்டில் கொடுத்தது எப்போது... எல்லாம் ஒரு சீட்டில் இருக்கட்டும். டாக்டர் சீட்டின் நகலும் கூடவே போகட்டும். கொடுத்தவர் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடட்டும். மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றாமல், லேபிளோடு, அளவு மூடியோடு கொடுங்கள். வீட்டு ஸ்பூன் ஒன்றுபோல ஒன்று இருக்காது.

ஆன்டிபயாடிக் என்றால், டாக்டரிடமே "காலை, ராத்திரி ரெண்டு வேளை கொடுக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பல மருந்துகளில் அது சாத்தியம். டே கேருக்குப் பாட்டிலே போக வேண்டாம். புது மருந்தின் முதல் வேளையையும் வீட்டில் கொடுப்பதே நல்லது. ஒவ்வாமை வந்தால் உடனே தெரியும்.

சளி சிரப் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் உத்தரவிட்டது. பழைய பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து அனுப்பாதீர்கள்.

'மருந்தே கொடுக்க மாட்டோம்' என்று சொல்லும் டே கேர் மீது கோபம் வரும். 'எதைக் கொடுத்தாலும் ஊற்றிவிடுகிறோம்' என்பவர்களைவிட அவர்கள் மேல். ஆனால், வீசிங் உள்ள குழந்தைக்கு இன்ஹேலர் அவசரத்துக்குத் தேவைப்படும். அதற்குச் சம்மதிக்கிறார்களா, யாருக்கு அதைப் பிடிக்கத் தெரியும் என்பதைச் சேர்க்கும் அன்றே கேட்டுவிட வேண்டும்.

மருந்து குடித்ததும் குழந்தை வாந்தி எடுத்தால்? மறுபடி ஊற்றாமல் முதலில் வீட்டுக்கு போன் செய்யச் சொல்லி, அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.