கணக்குப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி

கண்டியில் உயர்தர மாணவர்களுக்கு அளவையியல் கற்பிக்கிறேன். எது சரி, எது பிழை என்ற பேச்சு வகுப்பில் எழும்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: விக்டோரியா அணையைக் கட்டியது சரியா? மகியாவையிலிருந்து வரும் பிள்ளையும் தெல்தெனியவிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்துகொண்டு வேறு வேறு பதில் சொல்வார்கள். மண்சரிவு அபாயத்தால் மலைச்சரிவுகளிலிருந்து குடும்பங்களை எழுப்பி வேறிடத்தில் குடியமர்த்துவது பற்றி அடிக்கடி பேசப்படும் இக்காலத்தில், இது வகுப்பறைக் கேள்வி மட்டுமல்ல.

முதலில் அணையின் வரவு செலவைப் பார்ப்போம். 1977இல் பதவிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்தன அரசு, முப்பது ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்டிருந்த மகாவலித் திட்டத்தின் முக்கிய வேலைகளை ஆறே ஆண்டுகளில் முடிக்க முனைந்தது. பிரித்தானிய உதவியுடன் எழுந்த விக்டோரியா அணை 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. உயரம் 122 மீற்றர். மின்னுற்பத்தித் திறன் 210 மெகாவாட். அங்கிருந்து ரந்தெனிகல, மினிப்பே வழியாக இறங்கும் நீர் உலர் வலய வயல்களுக்குப் பாய்கிறது. செலவுப் பக்கத்தில், தும்பறைப் பள்ளத்தாக்கின் ஏறத்தாழ 30,000 பேர் வீடு வாசலை விட்டு எழும்பினார்கள். பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது.

ஜெரமி பெந்தமும் ஜோன் ஸ்டுவர்ட் மில்லும் வளர்த்த பயன்வாதம் இந்த இரண்டு பக்கங்களையும் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லும். அதிகம் பேருக்கு அதிக நன்மை கிடைத்தால் செயல் சரி. 1785இல் தன் அறநூலை வெளியிட்ட இமானுவேல் கான்ட் இதை ஏற்கவில்லை. எவ்வளவு நன்மை வந்தாலும் ஒரு மனிதரை இன்னொருவரின் காரியத்துக்கு வெறும் கருவியாக்கக் கூடாது என்பது அவர் விதி. விளைவைப் பார்க்கும் முன் கடமையைப் பார் என்கிறார்.

இவை நமக்குப் புதியவை அல்ல. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையாகக் கொள்ளலாம் என்று வள்ளுவர் ஓரிடத்தில் சொல்கிறார். பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்று இன்னோரிடத்தில் சொல்கிறார். முதலாவது விளைவைப் பார்க்கிறது. இரண்டாவது எந்த விளைவுக்கும் வளைய மறுக்கிறது. ஒரே நூலில் இரண்டும் இருப்பதை நான் முரண்பாடாகக் கருதவில்லை. எங்கே கணக்குப் போடலாம், எங்கே போடவே கூடாது என்று பிரித்தறியும் பொறுப்பை அவர் நம்மிடம் விட்டிருக்கிறார்.

கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய தெல்தெனியவின் அத்திவாரங்களும் சுவர்த் துண்டுகளும் வெளியே வரும். ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். வயதான ஒருவர் வெடித்துக் காய்ந்த சேற்றில் பேரனைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். இது கடை, இது பஸ் நின்ற இடம், பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இருக்கும் படி இது என்று காட்டினார். அணை கட்டியது பிழையா ஐயா என்று கேட்டேன். “கரண்டும் தண்ணியும் நாட்டுக்கு வேணும்தானே தம்பி. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார். நன்மையின் கணக்கை அவர் மறுக்கவில்லை. அதில் தன்னை ஒரு தொகையாக மட்டும் சேர்த்ததுதான் அவருக்கு ஆறவில்லை.

இப்போது இன்னொரு கணக்கு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தமொன்றில் கையெழுத்திட்டார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய இந்திய வம்சாவளி மலையக மக்கள் 9,75,000 பேர் என்று கொள்ளப்பட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கு பிரிக்கப்பட்ட மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தோட்டத்திலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி, தன் அம்மாயியின் அக்கா அந்தக் கோச்சியில் போனதையும் பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே கண்மூடியதையும் வகுப்பில் சொன்னாள். அன்று அதற்கு மேல் பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை.

அணையையும் ஒப்பந்தத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தெல்தெனியவில் நாட்டுக்குத் தேவையான ஒன்றுக்காகக் காணி எடுக்கப்பட்டது. மகாவலி வலயங்களுக்குப் போனவர்களுக்கு 2.5 ஏக்கர் வயலும் அரை ஏக்கர் குடியிருப்புக் காணியும் என்ற ஏற்பாடு இருந்தது. குறைகள் இருந்தாலும் அவர்கள் இந்நாட்டுப் பிரஜைகளாகவே இருந்தார்கள். வாக்களிக்கலாம், வழக்குப் போடலாம். மலையக மக்களிடமிருந்து 1948இல் பறிக்கப்பட்டு, 1964இல் அவர்களைக் கேளாமலே பங்கு போடப்பட்டது அந்த உரிமையேதான். அதற்கு ஈடாக எதைக் கொடுக்க முடியும்?

பிரிவின் துயரையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த ஒப்பந்தம் பயன்வாதத்திலேயே தோற்றுவிடும் என்று பயன்வாதி சொல்லலாம். உண்மைதான். ஆனால் கணக்கை எழுதியவர்கள் டில்லியில் இருந்தார்கள். துயரம் லயன் காம்பிராவில் இருந்தது. பேச இடம் கிடைக்காதவரின் துயரம் எந்தக் கணக்கிலும் சேராது. ஆகவே கடமை முதலில் வரவேண்டும், கணக்கு அதன் பிறகு வரவேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஒருவரின் குரலையும் உரிமையையும் உறுதிசெய்த பின்னரே அவரிடம் தியாகம் கேட்கலாம்.

அதற்காக யாரையும் அசைக்கவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதும் அறமாகாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அங்கே ஆபத்து இருப்பது முன்பே தெரிந்திருந்தது. எச்சரிக்கை கிடைத்த மக்களுக்குப் போக வேறு நிலம் கிடைக்கவில்லை. அங்கே கணக்கும் தவறியது, கடமையும் தவறியது.

மலை சரியும் இரவில் மக்களை உடனே வெளியேற்றத்தான் வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. நான் பேசுவது அதன் பிறகு வரும் மாதங்களைப் பற்றி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கைகள் அபாயமுள்ள வீட்டாருக்குத் தமிழிலும் கையில் கிடைக்க வேண்டும். மாற்று நிலத்தைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் அந்தக் குடும்பங்கள் இருக்க வேண்டும். கொடுப்பது 7 பேர்ச் காணியாயினும் உறுதிப்பத்திரம் அவர்கள் பெயரில் இருக்க வேண்டும். வேலையும் பள்ளிக்கூடமும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவற்றைச் செலவு என்று பின்தள்ளும் அதிகாரிகளிடம், 1964இன் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி கேட்கிறேன். அதில் கூட்டலும் கழித்தலும் பிசகவில்லை. மனிதரைப் பங்கு போடலாம் என்று எண்ணியதுதான் பிழை.