மானசகங்கோத்திரியில் ஒரு காலைப்பொழுது



ஊரிலிருந்து உறவினர் வந்தால், மைசூரில் குடியிருக்கும் நாம் அவர்களை எங்கே அழைத்துச் செல்கிறோம்? காலையில் அரண்மனை, பகலில் மிருகக்காட்சிசாலை, மாலையில் பிருந்தாவனம். மறுநாள் ரயிலேற்றி அனுப்பிவிடுகிறோம். ஹுன்சூர் சாலையில் பேருந்தில் செல்கையில், மரங்கள் அடர்ந்த பல்கலைக்கழக வளாகத்தை ஜன்னல் வழியே நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். இறங்கி உள்ளே நடந்தவர்களோ வெகு சிலர். “அது படித்தவர்களின் இடம்” என்னும் கூச்சமே இதற்குக் காரணம் என எண்ணுகிறேன். அந்தக் கூச்சம் எனக்கும் பல ஆண்டுகள் இருந்தது.

சென்ற விடுமுறையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளை அழைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுவதும் அங்கே நடந்தேன். அவளைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீட்டில் தமிழ் பேசுவாள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறாள். ஆராதனையில் வசனம் அறிவிக்கப்பட்டால், எண்களைக்கொண்டு அதிகாரத்தை எல்லாருக்கும் முன்பாக எடுத்துவிடுவாள். வாசிக்கச் சொன்னாலோ வேதாகமத்தை அம்மாவின் பக்கமாகத் தள்ளிவிடுவாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

நாங்கள் முதலில் சென்றது மானசகங்கோத்திரிக்கு அல்ல. நகரத்துக்குள்ளேயே, பழைய ஜூபிலி கட்டடத்தில் இயங்கும் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றோம். 1891-இல் கீழ்த்திசை நூலகம் என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது இது. சுற்றுலா வழிகாட்டிகள் இதன் வாசலில் நிற்பதை நான் கண்டதில்லை. ஆனால் இந்திய வரலாற்று நூல்களைத் திருத்தி எழுதவைத்த ஓர் ஓலைச்சுவடி இங்கேதான் கண்டெடுக்கப்பட்டது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. பிற நூல்கள் அதைக் குறிப்பிட்டன. முழு நூலைக் கண்டவர் இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஓலைக்கட்டு ஒன்றை இந்த நூலகத்திடம் ஒப்படைத்தார். 1905-இல் நூலகராயிருந்த ஆர். சாமசாஸ்திரி அதைப் படித்து, இன்னதென்று அறிந்துகொண்டார். 1909-இல் மூலத்தை அச்சிட்டார். 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக வெளியிட்டார். அவர் பெயர் உலகறிந்தது. கொடுத்த பண்டிதரோ “தஞ்சாவூர்ப் பண்டிதர்” என்றுமட்டுமே நூல்களில் நிற்கிறார். சுவடியைத் தன் வீட்டுப் பரணிலே வைத்திருந்தால் அது கரையானுக்கு இரையாகியிருக்கும் என்பதை அவர் உணர்ந்திருக்கவேண்டும்.

சுவடியின் மொழி சமஸ்கிருதம், எழுத்து கிரந்தம். வடமொழியை எழுதுவதற்காகத் தமிழ்நாட்டில் வழங்கிய எழுத்து அது. இந்த இடத்தில் நான் மகளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ‘ஜெபம்’ என்பதிலுள்ள ‘ஜெ’, ‘ஸ்தோத்திரம்’ என்பதிலுள்ள ‘ஸ்’, ஆகிய எழுத்துகள் கிரந்தத்திலிருந்து தமிழுக்கு வந்தவையே. அந்த ஓலையிலே இருந்த எழுத்துக் குடும்பத்தின் பிள்ளைகள் நாள்தோறும் நம் வாயிலே வழங்குகின்றன. அவள் சற்றே நின்று, “அப்படியானால் அந்த ஓலையில் பாதி எனக்குத் தெரியுமா அப்பா?” என்றாள். பாதி தெரியாது. ஆனாலும் நான் மறுக்கவில்லை.

ஓலைகளை வருவோர்க்கெல்லாம் எடுத்துக்காட்டுவார்கள் என எதிர்பார்க்கவேண்டாம், காட்டாமலிருப்பதே நியாயம். காய்ந்து நொறுங்கும் ஓலைகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி அவற்றை மிருதுவாக்குவது இங்கே கையாளப்படும் முறைகளுள் ஒன்று. பூச்சிகளும் அதன் வாசனைக்கு அஞ்சி விலகும்.

அங்கிருந்து மகாராஜா கல்லூரியின் வழியாக வந்தோம். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை இங்கே தத்துவப் பேராசிரியராயிருந்தார். அவர் கல்கத்தாவுக்கு மாறிச் சென்றபோது மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவருடைய வண்டியைத் தாங்களே ரயில் நிலையம்வரை இழுத்துச் சென்றார்கள்.

அடுத்தது குக்கரஹள்ளி ஏரி. 1864-இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் பாசனத்துக்காக அமைக்கப்பட்டது. கூழைக்கடாக்களும் நாரைகளும் தீவின் மரங்களில் அமர்ந்திருந்தன. கழிவுநீர் கலந்து இந்த ஏரி பட்ட பாடு தனிக்கதை. சென்னையில் பிறந்த தமிழர் ஆர்.கே. நாராயண் இளமையில் இந்த ஏரிக்கரையில் அமர்ந்து படிப்பதுண்டு. அவர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல்முறை தேறவில்லை. பட்டம் பெற்றது 1930-இல். அதற்கும் வழக்கத்தைவிட ஓராண்டு கூடுதலாயிற்று. மதிப்பெண் பட்டியலை மறைத்துவைத்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலிருந்தால், இந்தக் கரையில் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்.

ஏரியின் மேற்கே மானசகங்கோத்திரி. 1960-இல் தொடங்கப்பட்ட இந்த வளாகத்துக்குப் பெயரிட்டவர் அப்போதைய துணைவேந்தரும் கன்னடக் கவிஞருமான குவெம்பு. மனமாகிய கங்கை பிறக்குமிடம் என்பது பொருள். உள்ளே ஜெயலட்சுமி விலாசம் என்னும் மாளிகை நிற்கிறது. இளவரசி ஜெயலட்சுமம்மண்ணிக்காக 1905-இல் எழுப்பப்பட்டது. 1959-இல் பல்கலைக்கழகம் வாங்கியது. இதிலுள்ள நாட்டுப்புறக்கலை அருங்காட்சியகத்தில் தோல்பாவைகள், யட்சகான உடைகள், கிராமத்துப் பாத்திரங்கள், உழவுக்கருவிகள் ஆகியவை சேர்க்கப்பட்டன. நாம் கிராமத்திலே விட்டுவந்த பொருள்களுக்கு ஓர் அரண்மனை கிடைத்தது எனக்கு வேடிக்கையாகவும் நிறைவாகவும் இருந்தது. கட்டடம் பழையதாகையால், உள்ளே அனுமதி உண்டா என்று முன்னதாகவே விசாரித்துச் செல்லுங்கள்.

வெயில் ஏறிவிட்டது. கடைசியாக, ஹுன்சூர் சாலையோரம் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்துக்கு வந்தோம். 1969-இல் மத்திய அரசு ஸ்தாபித்தது. பழங்குடி மக்களின் மொழிகளுக்குக்கூட இலக்கண நூல்களும் பாடநூல்களும் இங்கே உருவாயின. 2004-இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டபின், செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2006-இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டதும் இந்த நிறுவனத்தில்தான். 2008-இல் அது சென்னைக்கு மாற்றப்பட்டது. நாம் பால் வாங்கவும் வேலைக்குப் போகவும் கடந்து செல்லும் அதே சாலையில் இரண்டு ஆண்டுகள் சங்க இலக்கியத்துக்கு ஓர் இல்லம் இருந்தது. நம்மில் எத்தனைபேர் அதை அறிந்திருந்தோம்?

போக விரும்புகிறவர்கள் அலுவலக நாளில், காலை வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். நடைக்கேற்ற செருப்பு அணியுங்கள். வாசலில் காவலரிடம் கன்னடத்திலே பேசி அனுமதி கேளுங்கள்.

அன்றிரவு குடும்ப ஜெபவேளையில் மகள் வேதாகமத்தை அம்மாவிடம் தள்ளவில்லை. வாசிக்கவும் இல்லை. பென்சிலை எடுத்து, சங்கீதப் பக்கத்தில் ‘ஸ்’ வரும் இடங்களையெல்லாம் தேடிக் குறித்துக்கொண்டிருந்தாள். பக்கம் முடிந்ததும், “இதற்கு முன்னாலிருக்கும் எழுத்து என்ன?” என்று கேட்டாள்.