ஐவிஎஃப் சிகிச்சை: வயதுக்கு வரம்பு உண்டு, கட்டணத்துக்கு இல்லை

புதுதில்லி: ஐவிஎஃப் எனப்படும் சோதனைக்குழாய் கருத்தரிப்பு முறையில், ஊசி மருந்துகளின் உதவியுடன் வளர்ந்த கருமுட்டைகள் வெளியே எடுக்கப்பட்டு, ஆய்வகத்தில் விந்தணுவுடன் இணைக்கப்படுகின்றன. இதில் உருவாகும் கரு, பொதுவாக 3 முதல் 5 நாள்களில் கருப்பையில் வைக்கப்படுகிறது. அது கருப்பையில் பதியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெண்ணின் வயது கூடக்கூட வாய்ப்பும் குறைவதால், பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று சிகிச்சை தேவைப்படுகிறது.

நாட்டில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், சிகிச்சை மையங்களின் பதிவைக் கட்டாயமாக்கியது; வயது வரம்பாகப் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 என நிர்ணயித்தது. ஆனால், கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கவில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டிலும் இச்சிகிச்சை இடம்பெறவில்லை.

இதனால், முதல் சுற்று பலனளிக்காத தம்பதி மீண்டும் முயல்வதா என்பதை, மருத்துவ ஆலோசனைக்கு இணையாகக் கையிருப்பும் தீர்மானிக்கிறது.