லேக் வியூ ரோட்டில் ஏரி எங்கே?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழை வடிந்த வாரம். நான் வேலை செய்யும் வங்கிக் கவுன்டரில் ஒரு பெரியவர் படிவத்தை நீட்டியபடி சொன்னார்: "ஏரியெல்லாம் வளைச்சு குடிசை போட்டா வெள்ளம் வராம என்ன சார் பண்ணும்?" படிவத்தில் முகவரி: லேக் வியூ ரோடு, மேற்கு மாம்பலம். முத்திரை குத்திக் கொடுத்தேன். கேள்வி மட்டும் தொண்டையில் நின்றுவிட்டது. ரோடு இருக்கு, லேக் எங்கே?

நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்தது அந்த நெடிய ஏரி. வெள்ளைக்காரன் 'லாங் டேங்க்' என்றான். 1923 தொடங்கி நீதிக்கட்சி ஆட்சியில் அதை வடித்து மனை போட்டார்கள். 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர் எழுந்தது. பனகல் அரசர் பெயரில் பூங்கா. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம். இதில் எதையும் யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. நகர வளர்ச்சி என்றே வரலாறு எழுதுகிறது.

அதே வருஷங்களை நம் பக்கமிருந்து பார்ப்போம். 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசாணையானது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத்தெரு, கிணறு, குளம் எல்லோருக்கும் பொது. 1927-இல் மகாத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். குளத்தில் இறங்கும் உரிமைக்காக நாம் சட்டசபையில் நின்ற நேரத்தில் மாம்பலத்து ஏரி மனையாகிக் கொண்டிருந்தது. தண்ணீரில் பங்கு கேட்டோம், தண்ணீரே போச்சு.

செங்கல்பட்டு வட்டாரத்தில் பல ஊர்களில் மதகு திறந்து மூடியதும், கரை காத்ததும், அடைமழையில் உடைப்பை அடைத்ததும் சேரி ஆட்கள்தான். ஆனால் சேரிக்காரனுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று 1891-இலேயே கலெக்டர் ட்ரெமன்ஹீர் அறிக்கை எழுதினார். ஏரி மனையானால் பத்திரம் வைத்திருப்பவனுக்கு விலை கிடைக்கும். கரை காத்தவனிடம் என்ன பத்திரம் இருந்தது?

என் அத்தை சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். தி.நகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரையோரத்தைக் காலி செய்து பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம் அது. முதல் மழையிலேயே கணுக்கால் தண்ணீர். அத்தை சொன்னார்: "ஆத்தோரம் இருந்தா தண்ணி பூந்துடும்னு தூக்கினு வந்தானுங்க. இட்டாந்து வுட்டது ஏரில. இன்னாடா நாயம் இது?"

சாவு விழுந்தால் தெருவே கூடும் இடத்திலிருந்து வந்தவர் அவர். குலுக்கலில் வீடு விழுந்ததில் பழைய தெரு பத்து பிளாக்காகச் சிதறிவிட்டது. எதிர்வீட்டுக்காரி பெயரே தெரிய ஆறு மாசம் ஆச்சு. வேலைக்குப் போய்வர பஸ்ஸிலேயே பாதி நாள்.

ஏரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏரியை இழந்ததால் அதிகம் நஷ்டப்பட்டது நாம்தான். 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் சட்டம் வந்தது. 2022-இல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நல்லது. ஆனால் சதுப்பு நிலத்தைக் காக்க வேண்டும் என்று சொல்லும் அரசே அதன் ஓரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குடியேற்றியிருக்கிறதே, அந்த ஆக்கிரமிப்பை எந்தச் சட்டத்தில் எழுதுவது? குடிசை வைத்தவன் ஆக்கிரமிப்பாளன், பிளாட் வாங்கியவன் குடியிருப்போர் நலச்சங்கம் என்றால் அது நீர்நிலைப் பாதுகாப்பு இல்லை. மனுதர்மம்.

நாம் கேட்க வேண்டியது இதுதான். நீர்நிலையிலிருந்து அகற்றினால் இன்னொரு நீர்நிலையில் தள்ளாதே. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு கொடு, தெருவைத் தெருவாகவே குடியேற்று. எங்களைக் கேட்காமல் லாரியைக் கொண்டுவராதே.

போன மாசம் அத்தையின் பாஸ்புக்குக்கு முகவரி மாற்றப் படிவம் நான்தான் நிரப்பினேன். தெருப் பெயர் என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. பிளாக் நம்பரை எழுதினேன்.