ஆயாவுக்கு எதற்கு ஆபரேஷன்?

ஆவடியைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய சேரி ஒன்றில் சென்ற மாதம் ஓர் ஆயாவைப் பார்க்கப் போயிருந்தோம். முப்பது வருடம் ஒப்பந்தக் கூலியாகத் தெரு கூட்டி, சாக்கடை வாரியவர். ஓராண்டாக மலத்தில் ரத்தம். மூலம் என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். உடம்பு வெளுத்து, நாலடி நடந்தாலே மூச்சு வாங்கிய பிறகுதான் மகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பெருங்குடல் புற்றுநோய். "இந்த வயசுல எதுக்கும்மா ஆபரேஷன், வீட்ல வெச்சுப் பாத்துக்கங்க" என்று அங்கே ஒருவர் சொல்லிவிட்டார். வீடும் தலையாட்டிவிட்டது.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "ஊரு பீய நான் வாரும்போது எவனும் கூச்சப்படல. என் பீயில ரத்தம்னு சொல்ல எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு கண்ணு" என்றார். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

நோய் பரவாத நிலையில் குடலின் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதே முதன்மையான சிகிச்சை. வயது ஒன்றை மட்டும் காட்டி அதை மறுக்க மருத்துவத்தில் இடமில்லை. நடமாட்டம், சாப்பாடு, இதயம், சிறுநீரகம், நினைவு, வீட்டில் துணைக்கு யார் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ரத்தச் சோகையை முதலில் சரிசெய்யலாம். 70-ஐத் தாண்டியவர்களுக்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற கூடுதல் மருந்தால் பெரிய பலன் இருப்பதாக உறுதியாகவில்லை. அதனால் கேப்சிடபின் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளும் மருத்துவர்கள் உண்டு. சும்மா விட்டால் குடல் அடைத்துக்கொண்டு, அவசர அறுவையில் போய் முடியும். வயதானவர்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து. (நம் கிழவிகள் பலருக்கு ஆதாரில் இருக்கும் வயதே யாரோ குத்துமதிப்பாகப் போட்டது!)

அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954-இல் உருவாக்கிய முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நிலையம் பிறந்ததற்குப் பின்னால் இருப்பது இந்த நோய்தான். ஆனால் இன்றும் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையே முதன்மையாகப் பார்க்கிறது. குடலைப் பற்றிக் கேட்பாரில்லை. 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். மலத்தில் ரத்தம் போகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று இரண்டு கேள்வி அவர்கள் கூடுதலாகக் கேட்டால் என்ன? இதற்குப் புது இயந்திரம் வேண்டாம், அரசாணை போதும்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. உண்மைதான். அந்த அட்டை, கூடத் துணைக்கிருக்கும் மகளின் தினக்கூலியைத் தராது. வயிற்றில் பை வைத்து மலத்தை வெளியேற்ற வேண்டி வந்தால், ஒற்றை அறை வீட்டில், பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை உள்ள இடத்தில் அதை எங்கே கழுவுவது, புதுப் பைக்கு யார் காசு கொடுப்பது? தூய்மைப் பணியாளர்களை வேலையிலிருந்து அனுப்பும் ஒப்பந்ததாரரிடம் இதைக் கேட்க முடியாது. உள்ளாட்சிகள்தான் பதில் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஒப்பந்தத் தொழிலாளருக்கும் வருடாந்திர உடல் பரிசோதனை வேண்டும், சிகிச்சைக் காலத்தில் துணையாளுக்குப் படி வேண்டும்.

ஆயாவை வேறோர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். மயக்க மருந்து மருத்துவர் வரும் செவ்வாய்க்கிழமை பார்க்கிறார். காலை முதல் ரயிலுக்கு மகளோடு எங்களில் இருவர் போகிறோம்.