மேற்றிராணியார் கேட்ட கணக்கு

சமாதானத்தைப் பற்றி உபதேசியாத மதத் தலைவர் உலகில் இல்லை. ஆயின், சமாதானத்தின் பொருட்டுச் சர்க்காரிடம் கணக்குக் கேட்கத் துணிந்தோர் மிகச் சிலரே. இலங்கையில் மன்னார் மறைமாவட்டத்துக்கு 1992 முதல் 2016 வரை மேற்றிராணியாராயிருந்து, 2021 ஏப்ரல் 1-ந் தேதி, பெரிய வியாழனன்று காலஞ்சென்ற இராயப்பு ஜோசப் ஆண்டகை அச்சிலரில் ஒருவர். அவர் கேட்ட கணக்கு இன்னும் தீரவில்லை. ஆகவே அதை மீண்டும் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

நெடுந்தீவில் 1940-ல் பிறந்த அவருக்கு வாய்த்த மறைமாவட்டம் போர்முனையில் கிடந்தது. தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வந்து தொழும் மடுமாதா கோயில் அவரது பொறுப்பில் இருந்தது. ஊரிழந்து வந்த ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு அக்கோயில் வளாகமே வீடாயிற்று. 1999 நவம்பர் 20-ந் தேதி அங்கே பீரங்கிக் குண்டுகள் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தோரில் சுமார் 40 பேர் மாண்டனர். அப்புனித எல்லைக்குள் எந்தப் படையும் நுழையலாகாதென்று அவர் இரு தரப்பாரிடமும் மன்றாடினார். பலனில்லை. 2008 ஏப்ரலில் மாதாவின் திருச்சொரூபத்தையே தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தது.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. 2011 ஜனவரியில் சர்க்கார் நியமித்த நல்லிணக்க விசாரணைக் கமிஷன் முன் அவர் சாட்சியம் அளித்தார். அவர் வைத்தது, பள்ளிப் பிள்ளையும் போட்டுப் பார்க்கக்கூடிய கழித்தல் கணக்கு. 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர், கச்சேரிகளின் பதிவுப்படி, 4,29,059 பேர். 2009 ஜூலைக்குள் சர்க்கார் வசமிருந்த பிரதேசத்துக்கு வந்து சேர்ந்தோர், ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி, 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேர். இவர்கள் என்ன ஆனார்கள் என்பதே அவரது கேள்வி.

அத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என்று அவர் சாதிக்கவில்லை. பதிவில் பிழை இருந்திருக்கலாம்; சிலர் கடல் கடந்து போயிருக்கலாம்; புலிகள் படையில் சேர்க்கப்பட்டு மடிந்தோரும் அதில் அடங்கலாம். அங்ஙனமாயின், அதை ருசுப்படுத்தும் பொறுப்பு யாருடையது? கச்சேரிப் புத்தகம் சர்க்காருடையதல்லவா? விடை கூறவேண்டியவர்கள், 2012-ல் போலீஸாரை விட்டு அவரையே விசாரித்தனர். புலிகளின் ஆதரவாளர் என்று அவரைத் தூற்றினோரும் உண்டு. தூற்றுதல் விடையாகாது என்பது நியாயஸ்தலத்தின் அரிச்சுவடி.

பழைய புண்ணைக் கிளறாமல் எல்லாவற்றையும் மறந்து வாழலாமே என்போரின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால், மகன் இருக்கிறானா இறந்தானா என்றறியாத தாய் திதி கொடுப்பதா, வழிபார்த்திருப்பதா? அவளிடம் போய் மறதியை யாசிப்பது கொடுமை. காணாமற்போனோருக்கென்று 2016-ல் சட்டமியற்றி ஒரு காரியாலயமும் ஏற்படுத்தினார்கள். பெயர் பெயராக விடை வராதவரை, காரியாலயம் இருந்தும் அவளுக்குப் பயன் என்ன?

தன் பிரஜைகளை ஒருவர் விடாமல் எண்ணிச் சொல்லக் கூசும் சர்க்கார், சமாதானம் நிலைத்துவிட்டதென்று பறைசாற்றுவதில் பொருளில்லை. அந்தக் கழித்தல் கணக்குக்கு நேர்மையாக விடை எழுதுவதே மேற்றிராணியாருக்குச் செலுத்தத்தக்க அஞ்சலி. கொழும்பு இனியும் தாமதிக்கலாகாது.